ஏரி உடைந்ததா, திறந்ததா?

குன்றத்தூர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? குன்றின்மேல் முருகன், சேக்கிழார் பிறந்த ஊர். ஆனால் ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் அவ்வூர்ப் பெண்மணிகளுக்கு ஒரே ஞாபகம்தான்: செம்பரம்பாக்கம் ஏரி!

2015-ம் வருஷம் டிசம்பர் 1-ந் தேதி இரவை மறக்க முடியுமா? ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி ஜலம் திறந்துவிட்டார்கள். கன அடிக் கணக்கு நமக்கெதற்கு என்கிறீர்களா? ஒரு கன அடி சுமார் 28 லிட்டர். நம் வீட்டுக் குடத்தால் இரண்டு குடம். நீங்கள் 'ஒன்று' என்று சொல்லி வாய் மூடுவதற்குள் 58,000 குடம்!

மின்சாரம் போயிற்று, டெலிபோன் ஊமையாயிற்று. ஊழியர்கள் அச்சகம் போய்ச் சேர முடியாமல், 1878-ல் பிறந்த 'ஹிந்து' பத்திரிகையின் சென்னைப் பதிப்பே மறுநாள் வெளிவரவில்லை. செய்தி காலி செய்த வீட்டில் வதந்தி குடியேறியது. "ஏரி உடைந்துவிட்டது!" என்றார் ஒருவர். "பண்ணை முதலைகள் தப்பிவிட்டன!" என்றார் இன்னொருவர். "நாஸாவே சொல்லிவிட்டது, இன்னும் பேய்மழை!" என்றார் மூன்றாமவர். மூன்றும் பொய்.

பொய்யைக் கேட்டு இருட்டில் குழந்தையோடு தெருவில் இறங்குவது ஆபத்து. "இதுவும் வதந்திதான்" என்று மெய்யான எச்சரிக்கையை அலட்சியம் செய்வது அதைவிட ஆபத்து. ஏரியைத் திறந்தால், உபரி நீர் சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், வழுதியம்பேடு, திருநீர்மலை வழியாக அடையாற்றில் சேருகிறது. இக்கால்வாய்க் கரையில் இருப்பவர்கள் அறிவிப்பு வந்ததுமே மேட்டுக்குப் போய்விட வேண்டும்.

மழைக்கு முன்பே, சமையலறைக் காலண்டரில் இரண்டு எண்களை எழுதி வையுங்கள். 1077, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை, 1070, மாநிலத்தது. பாட்டரி ரேடியோ ஒன்றும் இருக்கட்டும். உதவி கேட்கும்போது அழுகையை ஒரு நிமிஷம் அடக்கிக்கொண்டு, எந்தத் தெரு, எத்தனையாவது மாடி, எத்தனை பேர், நோயாளியோ கர்ப்பிணியோ உண்டா என்று சொல்லுங்கள். பிறருக்காகச் செய்தி அனுப்பினால் தேதியும் மணியும் சேருங்கள்.

கடைசியாக ஒன்று. கரையேறியதும், "நாங்கள் பத்திரம், இனிப் படகு வேண்டாம்" என்று மறக்காமல் தெரிவியுங்கள். 2015-ல், மீட்கப்பட்டவர்களின் பழைய வேண்டுகோள்களே ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தன. உங்கள் வாசலுக்கு வீணாக வரும் படகு, வேறொரு மொட்டை மாடியில் கையசைத்து நிற்கும் தாய்க்குச் சேர வேண்டிய படகல்லவா?