900 ரூபாய் சால்வை: என் சைடு இன்கம் கணக்கு எங்கே பிசகுச்சு?

போன வாரம் சைடு இன்கம் வீடியோவுக்குக் கீழ நிறைய பேர் கேட்ட ஒரே கேள்வி: "கைவேலைப் பொருள் செஞ்சு விக்கலாமா?" பதினஞ்சு நிமிஷ வீடியோல அதுக்குப் பதில் சொல்ல முடியாது. அதனால என் சொந்தக் கதையையே கணக்கோட இங்க எழுதிடறேன். கொஞ்சம் மானம் போற கதைதான், பரவாயில்ல.

திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில எனக்கு மெர்ச்சன்டைசிங் வேலை. தினமும் காஸ்டிங் ஷீட் போடறதுதான் பொழப்பு. நூல், நிட்டிங், டையிங், கட்டிங், தையல், செக்கிங், வேஸ்டேஜ்னு ஒரு டி-ஷர்ட்டுக்குப் பைசா வரைக்கும் கணக்குப் போடுவோம். அப்படிப்பட்ட நான், ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கையால பின்னின சால்வைக்கு எப்படி விலை வெச்சேன் தெரியுமா? நூல் 400 ரூபாய், கூரியரும் பேக்கிங்கும் 100. மொத்தம் 500. "900-க்கு வித்தா 400 லாபம்!" அவ்வளவுதான் காஸ்டிங். தெரிஞ்சவங்க மூலமா 12 சால்வைக்கு ஆர்டர் வந்துச்சு. ஒரு மாசத்துல முடிச்சுத் தரேன்னு அட்வான்ஸும் வாங்கிட்டேன்.

சால்வை ரொம்ப எளிமையானதுதான். பின்னத் தெரிஞ்சவங்க செஞ்சும் பார்க்கலாம். 5 மி.மீ. வட்ட ஊசி, 200 கிராம் காட்டன் நூல். கழுத்துப் பக்கம் 7 கண்ணியில ஆரம்பிக்கணும். முதல் வரிசையில ரெண்டு பின்னி, நூலை ஊசி மேல ஒரு சுத்து போட்டு, நடுக் கண்ணி வரைக்கும் பின்னணும். நடுக் கண்ணிக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு சுத்து. கடைசி ரெண்டு கண்ணிக்கு முன்னாடி இன்னொரு சுத்து. ஆக 4 கண்ணி கூடும். அடுத்த வரிசை முழுக்கச் சும்மா பின்னல். இந்த ஜோடியை 83 தடவை செஞ்சா 166 வரிசை, ஊசியில 339 கண்ணி. கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் அகலத்துல முக்கோணச் சால்வை ரெடி.

கடைசி 26 வரிசைதான் லேஸ் ஓரம். அங்க நாலு வரிசைக்கு ஒரு தடவை, நூலை ஒரு சுத்து போட்டு அடுத்த ரெண்டு கண்ணியைச் சேர்த்து ஒண்ணாப் பின்னிட்டே போகணும். சுத்து போட்ட இடத்துல ஓட்டை விழும். ரெண்டு ஒண்ணாகிறதால எண்ணிக்கை மாறாது. பாதிப் பாதியா எண்ணினா எப்பவும் ஒற்றைப்படையா வரும். மிஞ்சற ஒரு கண்ணியைச் சாதாரணமாப் பின்னிடுங்க. ஓரத்தை மூட 8 மீட்டர் நூலாவது தனியா வெச்சுக்கணும், அதுவும் தளர்வா மூடணும். அப்புறம் தண்ணியில நனைச்சு, விரிச்சு இழுத்து, ஊசி குத்திக் காய வெச்சாத்தான் அந்த ஓட்டைகள் லேஸாத் தெரியும். அதுவரைக்கும் ஏதோ கசங்கின துணி மாதிரிதான் இருக்கும், பயப்படாதீங்க.

"பாதி முடிஞ்சுது" என்கிற பொய்

முதல் சால்வையில 84 வரிசை முடிஞ்சப்போ பாதி வேலை ஆச்சுன்னு சந்தோஷப்பட்டேன். ஆகல. முக்கோணத்துல ஒவ்வொரு வரிசையும் முந்தினதை விட நீளமாகிட்டே போகும். மொத்தம் 29,000 கண்ணி. அதுல முதல் 84 வரிசைக்கு ஏறக்குறைய 7,800 தான். கடைசி 26 வரிசை லேஸ் ஓரத்துக்கு மட்டும் 8,200 கிட்ட. அதாவது "ஓரம் மட்டும்தான் பாக்கி"ன்னு நான் சொன்னப்போ, முதல் பாதியை விடப் பெரிய வேலை பாக்கி இருந்துச்சு. வீடு கட்டினவங்களைக் கேளுங்க, கான்கிரீட் போட்டதும் வீடு முடிஞ்ச மாதிரி தெரியும். டைல்ஸ், பிளம்பிங், பெயின்ட்னு வரும்போதுதான் பர்ஸ் கிழியும்.

என் வேகம் நிமிஷத்துக்கு 20 கண்ணி. 29,000-ஐ வகுத்தா 24 மணி நேரம். அலசிக் காய வெக்க, நூல் முனைகளை மறைக்க, போட்டோ எடுக்க, "கலர் கொஞ்சம் டார்க்கா கிடைக்குமா"ன்னு வர்ற மெசேஜுக்குப் பதில் சொல்ல இன்னும் 3 மணி நேரம். ஆக ஒரு சால்வைக்கு 27 மணி நேரம். 400-ஐ 27-ஆல வகுத்தா மணிக்கு 15 ரூபாய் கூட வரல! அப்போ என் சம்பளம் 32,000. மாசம் 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம்னு பார்த்தா மணிக்கு 154 ரூபாய். 12 சால்வைக்கு 324 மணி நேரம். ஒரு மாசத்துல எப்படி முடியும்? நாலு மாசம் ஆச்சு.

இதைக் கண்டுபிடிச்சது நான் இல்ல, எங்கம்மா. பனியன் கம்பெனியில செக்கிங்ல இருபது வருஷத்துக்கு மேல வேலை பார்த்தவங்க. ராத்திரி 12 மணிக்கு நான் பின்னிட்டு இருக்கிறதைப் பார்த்துட்டு, "ஏன் கண்ணு, ஒண்ணுக்கு எத்தனை ஷிப்ட்டு ஆகுது?"ன்னாங்க. திருப்பூர்ல நேரத்தை அளக்கிற படி ஷிப்ட்டுதான். 8 மணி நேரம் ஒரு ஷிப்ட், 12 மணி நேரம்னா ஒன்றரை ஷிப்ட். நான் மனசுலயே கணக்குப் போட்டு, "மூணரை ஷிப்ட்டு வரும்மா"ன்னேன். அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கே! "மூணரை ஷிப்ட்டுக்கு நானூறு ரூவாயா? எந்தக் கம்பெனி கண்ணு அது?"

உங்க நேரத்துக்கு விலை பூஜ்யமா?

கைவேலையில இது பழைய தப்பு. ஆந்திராவுல நர்சாப்பூர் பக்கம் பெண்கள் குரோஷே லேஸ் பின்னறாங்க. அதுக்கு 2024-ல புவிசார் குறியீடும் கிடைச்சுது. அந்தப் பெண்களைப் பத்தி மரியா மீஸ் என்கிற சமூகவியலாளர் 1982-ல ஒரு புத்தகமே வெளியிட்டாங்க. நாள் பூரா பின்னினாலும் அது "வீட்ல சும்மா இருக்கிற நேரத்துல செய்யற வேலை"ன்னே கருதப்பட்டுச்சு, அதனாலதான் கூலி அவ்வளவு அடியில இருந்துச்சு, லாபம் வியாபாரிகளுக்கும் ஏற்றுமதியாளர்களுக்கும் போச்சுன்னு அதுல காட்டறாங்க. அதைப் படிச்சப்போ எனக்குச் சுருக்குன்னுச்சு. என்னை ஏமாத்த வியாபாரி யாரும் வரல. "ஓய்வு நேரம்தானே"ன்னு நானே என் கூலியை அடிச்சுட்டேன்.

இதுக்கு நேர் எதிரான கதையும் நம்ம பக்கமே இருக்கு. நாகர்கோவில்ல 1820-கள்ல மார்த்தா மால்ட் என்கிற மிஷனரி, பள்ளிப் பெண்களுக்கு லேஸ் வேலை கத்துக் கொடுத்தாங்க. திருவிதாங்கூர்ல அடிமை முறை இருந்த காலம் அது. லேஸ் பின்னிச் சம்பாதிச்ச காசுல சில பெண்கள் தங்களோட விடுதலையையே வாங்கினாங்கன்னு மிஷன் வரலாறுகள் சொல்லுது. வேலை அதே நூலும் ஓட்டையும்தான். ஆனா அங்க உழைப்புக்கு ஒரு விலை கைக்கு வந்துச்சு.

சரி, அப்போ மணிக்கு 80 ரூபாய் கூலி வெச்சு விலை சொல்லிடலாமா? 27 மணி நேரத்துக்கு 2,160, செலவு 500. ஒரு சால்வை 2,660 ரூபாய். சொல்லிப் பார்த்தேன், ஒருத்தரும் வாங்கல. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. 30 இன்ச், 24 கேஜ் நிட்டிங் மெஷின்ல சுமார் 2,260 ஊசி, 90 ஃபீடர் இருக்கும். ஒரு சுத்து சுத்தினா ரெண்டு லட்சம் கண்ணிக்கு மேல விழும், அதுக்கு ரெண்டு மூணு செகண்டுதான் ஆகும். என் 24 மணி நேர வேலை அந்த மெஷினுக்கு ஏழுல ஒரு பங்கு சுத்து. காதர்பேட்டையில சல்லிசா துணி கிடைக்கிற ஊர்ல உட்கார்ந்து, அதுகிட்ட போட்டி போட்டது நான்தான்.

அதனால சால்வையைப் பிரிச்சேன். நடுப்பகுதியை மெஷின் செய்யட்டும், கண்ணுக்குத் தெரியற லேஸ் ஓரத்தை மட்டும் நான் பின்னறேன். கிலோ கணக்குல விக்கிற இன்டர்லாக் துணியில ஒரு சால்வை உடம்புக்கு 80 கிராம் கூட ஆகாது. சிங்கிள் ஜெர்சி எடுத்துடாதீங்க, வெட்டின ஓரம் சுருண்டுக்கும். இன்டர்லாக் அப்படியே தட்டையா நிக்கும். செலவு இப்படி வந்துச்சு: துணி 50, ஓரத்துக்கு நூல் 115, கூரியர் பேக்கிங் 100, ஆக 265. ஓரம் பின்ன 7 மணி நேரம், சேர்த்துத் தைக்க 1, மத்த வேலைக்கு 2. விலை 1,200. மிச்சம் 935, மணிக்கு 93 ரூபாய். சம்பளத்தை விடக் குறைவுதான். ஆனா 15-க்கும் 93-க்கும் வித்தியாசம் இருக்குல்ல?

வரி விஷயம் சுருக்கமா. இப்படி வித்து வர்ற பணம் வியாபார வருமானம். வழக்கமா ஐடிஆர்-1 போடறவங்க இதுக்கு அப்புறம் அதைப் போட முடியாது. சின்ன வியாபாரத்துக்குப் பெரும்பாலும் ஐடிஆர்-4 பொருந்தும், உங்க ஆடிட்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. அப்பாயின்ட்மென்ட் ஆர்டரையும் எடுத்துப் படிங்க. வெளிவேலை செய்யக்கூடாதுன்னு பல கம்பெனிகள்ல ஒரு வரி இருக்கும்.

விக்கிறதுக்கு இல்லாம சும்மா பின்னறவங்களுக்கு இன்னொரு கணக்கு. 400 ரூபாய் நூல், 24 மணி நேரம். மணிக்கு 17 ரூபாய் கூட ஆகாத பொழுதுபோக்கு. சினிமா டிக்கெட், பாப்கார்னை விட எவ்வளவோ மலிவு. இதைத் தொழில்னு நெனச்சப்போ என்னை அழ வெச்ச அதே சால்வைதான். நான் இப்ப முழுசாக் கையால பின்னறதை யாருக்கும் விக்கிறதில்ல.

அந்த 12-ஐயும் சொன்ன விலைக்கே முடிச்சுக் கொடுத்தேன். லேட்டானதுக்கு மன்னிப்பும் கேட்டேன். பதிமூணாவதா ஒண்ணு அம்மாவுக்குப் பின்னினேன். கையில வாங்கினதும் போர்த்திக்குவாங்கன்னு பார்த்தா, டியூப்லைட்டுக்கு நேரா பிடிச்சு ஓரம் முழுக்க விரல் வெச்சுத் தடவிட்டே போனாங்க. ஒரு இடத்துல விரல் நின்னுச்சு. "இங்க ஒரு ஓட்டையை விட்டுட்டே கண்ணு. இது செகண்ட்ஸ்"னு சொல்லிட்டு, போர்த்திட்டுப் போய்ப் படுத்துட்டாங்க.