பைலட் மாணவருக்கு முதலில் எதை வாங்குவது?

பிள்ளையை விமானப் பயிற்சியில் சேர்த்ததும், கைக்கடிகாரம், கறுப்புக் கண்ணாடி என்று கண்ணில் படுவதை வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் பலர். பணத்தைப் போட வேண்டிய இடம் ஹெட்செட்.

செஸ்னா 172 போன்ற சிறிய பயிற்சி விமானத்தினுள் இரைச்சல் 85 டெசிபலைத் தாண்டும். இந்தியாவில் வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதற்கான முதல் வகுப்பு மருத்துவப் பரிசோதனையில் செவித்திறனையும் அளப்பார்கள். இரைச்சலால் போன செவித்திறன் திரும்பாது. காதை இறுக மூடும் சாதாரண ஹெட்செட்டே நல்ல பாதுகாப்பு. எஞ்சினின் அடித்தொனியை எதிர் ஒலியால் அடக்கும் ஏ.என்.ஆர். வகைக்கு விலை அதிகம். வசதியுள்ளவர்கள் வாங்கலாம், களைப்பு குறையும். ஹெலிகாப்டருக்கான பிளக் வேறு என்பதால், பயிற்றுநரிடம் கேட்டுவிட்டே கடைக்குப் போங்கள்.

கண்ணாடியில் 'போலரைஸ்டு' வேண்டாம். கடைக்காரர் அதைத்தான் உயர்ந்தது என்பார்! அதை அணிந்தால் விமானத்தின் கணினித் திரைகள் கறுத்துத் தெரியலாம். தூரத்தில் வரும் இன்னொரு விமானத்தின் மினுக்கமும் மறையலாம். கண்ணாடியின் காம்பு மெல்லியதாக இருக்கட்டும். தடித்திருந்தால் ஹெட்செட் மெத்தை காதோடு ஒட்டாது, அந்த இடைவெளியில் இரைச்சல் புகும்.

இரவுப் பயிற்சிக்கு ஒளியைக் குறைக்கக்கூடிய டார்ச் தேவை. இருளுக்குக் கண் முழுதாகப் பழக சுமார் அரை மணி நேரமாகும். பளிச்சென்ற வெள்ளை ஒளி அதை நொடியில் கெடுத்துவிடும். மங்கிய சிவப்பு ஒளி கெடுக்காது. ஆனால், வரைபடத்தின் சிவப்புக் கோடுகள் அதில் தெரியாமல் போகும்.

டேப்லட் வெயிலில் சூடேறி அணைந்துவிடக்கூடும். காகித வரைபடம் ஒன்று பையில் இருக்கட்டும்.