உங்களுக்குத் தெரியுமா? லோக்கல் ரயில் தூரத்தில் ஒரு 1812

சிட்லபாக்கத்திலிருந்து குரோம்பேட்டை ஸ்டேஷனுக்குப் போய், பீச் லோக்கலில் ஏறி நுங்கம்பாக்கத்தில் இறங்குங்கள். அங்கிருந்து ஆட்டோ தூரத்தில் 200 வயதைத் தாண்டிய நூலகம் ஒன்று இருக்கிறது: மெட்ராஸ் லிட்டரரி சொசைட்டி. தொடங்கிய ஆண்டு 1812. சந்தா கட்டினால் நீங்களும் உறுப்பினர்.

சொசைட்டி இருப்பது காலேஜ் ரோட்டில். காலேஜ் ரோடு என்றதும் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரி நினைவுக்கு வரும். அது 1915-இல்தான் வந்தது. சாலைக்குப் பெயர் தந்தது அதைவிட நூறாண்டு மூத்த புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி. கம்பெனி அதிகாரிகள் தமிழும் தெலுங்கும் படித்த அந்த இடமும் 1812-இல் பிறந்ததே.

அந்தக் கல்லூரியில் பணியாற்றியவர்தான் ராம் ராஸ். நம் கோயில் கட்டடக்கலையைப் பற்றி ஆங்கிலத்தில் முதலில் விரிவாக எழுதிய இந்தியர். சிதறிக் கிடந்த சிற்ப சாஸ்திரச் சுவடிகளைத் தேடித் திரட்டினார். பண்டிதர்களுக்கே புரியாத சொற்களை, உளி பிடித்த கைகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். அதிட்டானம் (அடித்தளம்), தூண், விமானம் என்று ஒவ்வொன்றின் அளவையும் விளக்கும் அவரது நூல் 48 படத்தகடுகளுடன் 1834-இல் லண்டனில் அச்சேறியது. அச்சில் பார்க்க அவர் உயிரோடு இல்லை. வெளியிட்டது ராயல் ஏஷியாட்டிக் சொசைட்டி. நம் மெட்ராஸ் லிட்டரரி சொசைட்டி அதன் கிளையாக இருந்தது. ராம் ராஸுக்கு இந்த ஊரில் ஒரு தெருப்பெயராவது வைத்திருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு 1851-இல் வித்திட்டவையும் இந்தச் சொசைட்டி சேர்த்துவைத்த பாறை மாதிரிகள்தான்.

அருங்காட்சியகத்தின் பக்கத்திலேயே கன்னிமாரா நூலகம், 1896-இல் திறந்தது. வடிவமைத்தவர் ஹென்றி இர்வின். அண்ணாந்து பார்ப்பதற்காகவே ஒருமுறை போகலாம்.

சொசைட்டியின் இன்றைய செந்நிறக் கட்டடம் 1900-களின் தொடக்கத்தில் எழுந்த இந்தோ-சாரசெனிக் பாணி. உள்ளே அலமாரிகள் ஆளுயரத்தைத் தாண்டி மேலே போகின்றன. 1619-இல் அச்சான அரிஸ்டாட்டில் தொகுப்பும் இங்கே உண்டு.

நைந்த நூல் ஒன்றை நீங்கள் தத்தெடுக்கலாம்! செப்பனிடும் செலவை ஏற்றுக்கொண்டால் போதும். தாள் வலுவாகி, புதுக்கட்டுடன் அது மீண்டும் அலமாரி ஏறும்.

சொசைட்டிக்குப் போக ஆட்டோக்காரரிடம் 'டிபிஐ' வளாகம் என்று சொல்லுங்கள்; அது இருப்பது அங்கேதான். 2022 முதல் அந்த வளாகத்தின் பெயர் பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம்.