சோறு குழையாமல் வடித்தலும் சத்தைக் காத்தலும்

நாஞ்சில் நாடாகிய தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்களில், 1906-ல் கட்டி முடிந்த பேச்சிப்பாறை அணையின் ஜலம் கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரு போகத்திற்கும் உதவுகின்றது. களத்தில் ஒரு மணி நெல்லையும் சிந்தவிடாத குடும்பங்களிலும், அடுப்படியில் அதன் சத்து கழுநீரோடும் வடிகஞ்சியோடும் போய்விடுவதுண்டு. சோறு உதிரியாகவும் இருக்கவேண்டும், சத்தும் போகலாகாது. இதற்கு வழி யாது?

குழைவதன் காரணம்

அரிசியின் மாச்சத்து அமைலோஸ், அமைலோபெக்டின் என இருவகைப்படும். முன்னது மிகுந்த அரிசி உதிரியாக வேகும். பின்னது மிகுந்தது ஒட்டும். புது நெல்லின் அரிசி எளிதிற் குழையும். அதே நெல்லைப் பத்தாயத்தில் நான்கைந்து மாதம் வைத்திருந்து குத்தினால், சோறு பெருகி உதிரியாக அமையும். மேலே படிந்த மாவும் நொய்யும் பசைக்கு மற்றொரு காரணம். ஆதலின் முதலிற் செய்யவேண்டுவது புடைத்து நொய் நீக்குதலேயாம்.

கழுவுதலில் கவனம்

ஜாவாத் தீவில் ஐக்மன் என்னும் டச்சு வைத்தியர், தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகள் பெரிபெரி போன்ற நோயுற்றதையும், தவிடு அதனைத் தீர்த்ததையும் 1890-களில் கண்டார். 1929-ல் நோபல் பரிசும் பெற்றார். தவிட்டிலுள்ள பி1 வைட்டமின் நீரிற் கரையும் இயல்புடையது. பச்சரிசியைப் பலமுறை தேய்த்துக் கழுவினால் எஞ்சியதும் பெருமளவு போய்விடும். நெல்லைப் புழுக்கும்போது அச்சத்து மணியினுள் ஊடுருவுவதால், புழுங்கலரிசி இழப்பது குறைவு. எதுவாயினும் இருமுறை மெல்ல அலசுதல் போதும்.

சமைக்கும் முறை

புழுங்கலரிசியை அரைமணி நேரம் ஊறவைத்து, ஒரு பங்கு அரிசிக்கு ஐந்தாறு பங்கு கொதிநீரில் இடுக. அடிக்கடி கிளறலாகாது. பருக்கையை நசுக்கினால் நடுவில் அரிசித் தன்மை மறைந்திருக்கும் பதத்தில் உடனே வடித்து, பத்து நிமிஷம் மூடிவைக்கவும். கஞ்சியைக் கொட்டாமல் உப்பிட்டு அருந்துக; எஞ்சியது கறவை மாட்டிற்கு ஆகும். பச்சரிசியை வடிக்காமல், இரண்டு அல்லது இரண்டரைப் பங்கு நீரில் வற்றவைத்தல் நலம்.

ஒரு தவறான எண்ணம்

கஞ்சியை வடித்துவிட்டால் நீரிழிவுக்காரர் வேண்டிய மட்டும் சோறு உண்ணலாம் என்பர் சிலர். இது பிழை. வடிவது பெரும்பாலும் மேற்புறத்து மாவே. மணியினுள்ளிருக்கும் மாச்சத்து சோற்றிலேயே நிற்கின்றது. அவர்கள் வைத்தியர் சொற்படி சோற்றின் அளவைக் குறைப்பதே தக்கது.

செறிவூட்டிய அரிசியில், இரும்புச்சத்து, போலிக் அமிலம், பி12 வைட்டமின் சேர்ந்த மணிகள் நூற்றுக்கு ஒன்று வீதம் கலந்திருக்கும். நிறத்தில் வேறுபட்டுத் தோன்றினும் அவற்றைப் பொறுக்கி எறியலாகாது என்பதைக் கிராம அதிகாரிகள் குடிகளுக்கு எடுத்துரைப்பின் பெரும் பயன் விளையும்.