பௌதிகவியல் பட்டம்: உழைப்பும் கடனும்

பௌதிகவியல் படித்தால் எவ்வளவு உழைக்கலாம் என்று கேட்கும் பெற்றோர், எவ்வளவு கடன்பட வேண்டும் என்றும் கேட்க வேண்டும். பேராதனை, கொழும்பு, யாழ்ப்பாணம் போன்ற அரச பல்கலைக்கழகங்களில் கற்கைக் கட்டணம் இல்லை. தகுதியுடையோருக்கு மஹபொல உண்டு. மிஞ்சுவது விடுதி, சாப்பாடு, பஸ் செலவு, 3 அல்லது 4 வருடங்கள்.

இசட் புள்ளி போதாமல் வெளிநாடு போவதானால் கணக்கு மாறும். 20 இலட்சம் ரூபாயை 12 வீத வட்டிக்கு எடுத்தால், 4 வருடத்தில் வட்டி மட்டும் 9 இலட்சத்து 60 ஆயிரம். வட்டி நமக்கு ஆகாது என்பது ஒருபுறமிருக்க, ஓர் ஆசிரியையின் தொடக்கச் சம்பளம் இதைத் தாங்காது. கடனில்லாமல் பட்டம் பெற்றவளுக்கோ அதே சம்பளம் முழுதாகக் கையில் வரும். நிரலாக்கமும் புள்ளிவிபரவியலும் சேர்த்துக் கற்றவளுக்கு வங்கி, காப்புறுதி வேலைகளும் திறக்கும்.

மகளுக்கு வீடு கட்டக் கடன்படும் வாப்பாமார், அவளது விடுதிச் செலவுக்குத் தயங்குவதுதான் எனக்கு விளங்கவில்லை.