கணினிக்கும் விதைநெல் வேண்டும்



2022ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாளை நம் பாலிங் மாவட்டத்து மக்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். குனோங் இனாஸ் மலைப்பக்கம் பெய்த கனமழை, மரக்கட்டைகளையும் சேற்றையும் வாரிக்கொண்டு கூப்பாங் வட்டாரத்துக் கிராமங்களுக்குள் புகுந்தது. மூன்று உயிர்கள் பலியாயின. வெள்ளம் வடிந்தபின் வீட்டுக்குத் திரும்பியவர்கள், சேற்றுக்குள் கைவிட்டுத் தங்கள் பொருள்களைத் தேட வேண்டியதாயிற்று.

இத்தகைய வெள்ளத்தில் அடையாள அட்டையோ, பிள்ளையின் பிறப்புச் சூராவோ போய்விட்டால் என்ன செய்கிறோம்? தேசியப் பதிவிலாகாவுக்குச் சென்று மறுபடியும் எடுத்துக்கொள்கிறோம். அந்த விவரம் அங்கேயும் பதிவாகி இருப்பதால்தான் அது முடிகிறது. ஆனால், வீட்டுக் கணினிக்குள் இருந்த மகளின் திருமணப் படங்கள்? காலமாகிவிட்ட பாட்டியின் ஒரே படம்? அவற்றைத் தருவதற்கு எந்த இலாகாவும் இல்லை. இரண்டாவது பிரதி உள்ளது மீளும். ஒரே பிரதியாக இருப்பது போனால் போனதுதான். இன்று நாம் பேசப்போவதன் சாரம் இவ்வளவே.

தோட்டத்து வீடுகளில் கணினி இன்று புதுமையான பொருளன்று. 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, பிள்ளைகளின் படிப்புக்காகக் கடன்பட்டாவது மடிக்கணினி வாங்கிய குடும்பங்கள் உண்டு. நாளடைவில் அது வீட்டின் அலமாரியாகவே ஆகிவிட்டது. எஸ்.பி.எம். சான்றிதழின் படம், சேமநிதிக் கணக்கு, தாத்தாவின் பழைய தோட்டத்துச் சான்றுகள் என எல்லாம் அதற்குள் இருக்கின்றன. குடியுரிமைக்காக இன்னும் விண்ணப்பித்துக் காத்திருக்கும் குடும்பங்களுக்கு, அந்தப் பழைய காகிதங்களின் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வெள்ளம் வந்தால்தான் கணினி கெடும் என்பதில்லை. நம் நாட்டில் இடிமின்னலுக்குக் குறைவில்லை. ஒரே மின்னலில் கருவி கருகிவிடலாம். மேசையிலிருந்து பிள்ளை தள்ளிவிடலாம். ஒன்றும் நேராவிட்டாலும், உள்ளே இருக்கும் வன்தட்டு என்னும் சேமிப்புத் தட்டு ஆண்டுகள் செல்லச் செல்லத் தேய்ந்து ஒருநாள் நின்றுவிடும்.

இதற்குப் பரிகாரம் என்ன? முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். கணினிக்குள் இரண்டு வகைப் பொருள்கள் உள்ளன. ஒன்று, கணினியை இயங்கச் செய்யும் விண்டோஸ் போன்ற இயக்க முறைமை. மற்றொன்று, நாம் சேர்த்துவைத்த படங்களும் கடிதங்களும். முதலாவதை வீடு என்று வைத்துக்கொண்டால், இரண்டாவது வீட்டுக்குள் இருக்கும் நகைநட்டு. வீடு இடிந்தால் மீண்டும் கட்டுவதற்கு ஒரு வழி வேண்டும். நகைநட்டைக் காப்பதற்கு வேறொரு வழி வேண்டும். ஒன்றைச் செய்துவிட்டு மற்றதும் முடிந்துவிட்டது என்று நினைப்பவர்கள்தாம் பிறகு கலங்குகிறார்கள்.

வீட்டை மீண்டும் கட்டித்தருவதுதான் மீட்புத் தட்டு. ஒரு காலத்தில் கணினி வாங்கும்போதே அந்தக் குறுந்தட்டையும் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். பின்னர் அதை நிறுத்திவிட்டு, கணினியின் வன்தட்டிலேயே ஒரு மறைவான பகுதியில் அதைப் பதிந்து, ‘நீங்களே வெற்றுத் தட்டுகளில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்’ என்றார்கள். பலர் எடுக்கவில்லை. வன்தட்டே கெட்டபோது, மறைவாக இருந்த பகுதியும் அதனோடு போய்விட்டது. வீட்டுச் சாவியின் மறுசாவியை அதே வீட்டுக்குள் வைத்துப் பூட்டியது போலத்தான் இது.

இன்றைய மடிக்கணினிகளில் பெரும்பாலும் தட்டுப் போடும் இடமே கிடையாது. ஆகவே பென்டிரைவ் எனப்படும் விரலியில் மீட்புப் பிரதியை எடுக்கிறோம். விண்டோஸ் 10, 11 உள்ள கணினியில் செய்முறை எளிது. குறைந்தது 16 ஜிகாபைட் கொள்ளும் விரலி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அதில் முன்பே இருப்பதெல்லாம் அழிந்துவிடுமாதலால், வெற்று விரலியே ஏற்றது. கணினியின் தேடு கட்டத்தில் ‘ரெக்கவரி டிரைவ்’ என்று ஆங்கிலத்தில் தட்டினால், அதை உருவாக்கும் பகுதி தோன்றும். அதில் இயக்க முறைமையின் கோப்புகளையும் சேர்க்கவா என்று ஒரு கட்டம் கேட்கும். அதை மறவாமல் குறியிடுங்கள். பிறகு பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். ஒரு மணி நேரமும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். முடிந்ததும் எந்தக் கணினிக்கு உரியது, எந்த நாளில் எடுத்தது என்று ஒரு சீட்டில் எழுதி விரலியில் கட்டிவையுங்கள்.

கணினி எழும்ப மறுக்கும் நாளில் இந்த விரலியைச் செருகி, கணினியைத் திறந்தவுடன் எஃப்12, எஃப்9, எஸ்கேப் என அந்தக் கணினிக்கு உரிய விசையை அழுத்தினால், விரலியிலிருந்து தொடங்கலாமா என்று கேட்கும். விசை எதுவென்று முன்கூட்டியே தெரிந்து அதே சீட்டில் எழுதி வைப்பது நல்லது. சில கணினிகளில் பிட்லாக்கர் என்னும் பூட்டு இருக்கும். அதற்குரிய 48 இலக்க மீட்பு எண்ணையும் கேட்கக்கூடும். அதையும் காகிதத்தில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். கணினிக்குள் மட்டும் வைத்திருந்தால் வேண்டிய நேரத்தில் கைக்கு எட்டாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்த விரலியைக் கொண்டு விண்டோஸைப் புதிதாக நிறுவும்போது, கணினியில் இருந்த நம் சொந்தக் கோப்புகள் அழிந்துபோகும். வீடு புதிதாக எழும்; உள்ளே ஒன்றும் இராது. கணினியைப் பழுதுபார்க்கக் கடைக்குக் கொடுத்தாலும் பல வேளைகளில் இதுவே நேர்கிறது. எனவே நகைநட்டைத் தனியே எடுத்து வைத்திருக்க வேண்டும்.

எப்படி எடுத்து வைப்பது? கணினி அறிந்தவர்கள் கூறும் எளிய கணக்கு ஒன்று உண்டு: மூன்று, இரண்டு, ஒன்று. எந்தக் கோப்புக்கும் மூன்று பிரதிகள் வேண்டும். அவை இரண்டு வகைச் சேமிப்பில் இருக்க வேண்டும். அவற்றுள் ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். கணினியில் இருப்பது முதல் பிரதி. தனி வன்தட்டு அல்லது விரலியில் எடுப்பது இரண்டாவது. மூன்றாவதை சுங்கைப்பட்டாணியிலோ கூலிமிலோ உள்ள அக்காள் வீட்டில் கொடுத்து வைக்கலாம். இணையச் சேமிப்பிலும் ஏற்றி வைக்கலாம். கைப்பேசியில் உள்ள படங்களையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெளியே ஒரு பிரதி எதற்கு என்று கேட்கலாம். நம் முன்னோர் ஓலைச்சுவடிகளைப் படியெடுத்துப் படியெடுத்தே நூல்களைக் காத்தார்கள். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, பல இடங்களிலிருந்து கிடைத்த சுவடிகளை ஒப்பிட்டுப் பார்த்தார். ஓரிடத்து ஏட்டில் செல்லரித்திருந்த இடத்தை மற்றோரிடத்து ஏடு நிரப்பிற்று. எல்லாச் சுவடிகளும் ஒரே பெட்டியில் கிடந்திருந்தால், ஒரு கறையான் புற்று போதும், அத்தனையும் போயிருக்கும். வெள்ளத்துக்கும் இதே கதைதான். கணினியும் விரலியும் ஒரே மேசையில் இருந்தால் இரண்டையும் ஒரே தண்ணீர்தான் நனைக்கும்.

பிரதி எடுத்தபின் விரலியையோ தனி வன்தட்டையோ கணினியிலேயே செருகி விட்டுவிடாதீர்கள். 2017 மே மாதத்தில் வானாகிரை என்ற தீய நிரல் உலகெங்கும் பரவிக் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அத்தகைய நிரல், கணினியோடு இணைந்திருக்கும் சேமிப்பையும் சேர்த்தே பூட்டிவிடும். கழற்றி வைத்த பிரதியை அது தொட முடியாது.

பழைய கணினியில் குறுந்தட்டில் எழுதுவோர், ஒரு சிடி சுமார் 700 மெகாபைட்டும், ஒரு சாதாரண டிவிடி 4.7 ஜிகாபைட்டும் கொள்ளும் என்பதை நினைவிற்கொள்க. வெயில் படும் சன்னலோரம் தட்டுகளுக்கு ஆகாது. நம் ஊர் ஈரக்காற்றில் பூஞ்சணம் பிடிக்கும். புதுச் செருப்புப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தை உடன் போட்டு, இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். விரலியும் நெடுங்காலம் சும்மா கிடந்தால் நம்பிக்கைக்குரியதன்று. ஆண்டுக்கொரு முறை திறந்து பார்த்துப் புதிதாக எழுதுவது நலம். அடையாள அட்டைப் படங்கள் உள்ள பிரதிக்குக் கடவுச்சொல் போட்டுப் பூட்டுங்கள். கண்டவர் கையில் கொடுக்க வேண்டாம்.

இன்னொன்று. எடுத்த பிரதியைச் சோதித்துப் பாருங்கள். வேறொரு கணினியில் செருகி, நான்கைந்து படங்களைத் திறந்து பார்த்தால் போதும். திறக்காத பிரதி, முளைக்காத விதை.

இவற்றையெல்லாம் எப்போது செய்வது? மாதச் சம்பளம் வாங்கும் நாளில், புதிதாகச் சேர்ந்த படங்களையும் கோப்புகளையும் பிரதி எடுத்துவிடுங்கள். மீட்பு விரலியை ஆண்டுக்கொரு முறை புதுப்பித்தால் போதும். அதற்கு ஆயுத பூசையைவிடப் பொருத்தமான நாள் ஏது? பால் வெட்டும் கத்தியைத் துலக்கிப் பொட்டு வைத்து வணங்குகின்ற நம் வீடுகளில், பிள்ளைகளின் கணினியும் ஓர் ஆயுதம்தானே!

விளைந்த நெல்லையெல்லாம் ஆக்கித் தின்றுவிடாமல், விதைநெல்லைத் தனியே கட்டி வைத்தார்கள் நம் பெரியவர்கள். பஞ்சம் வந்தாலும் அதில் கை வைப்பதில்லை. கணினிக்குள் இருக்கும் குடும்பத்தின் நினைவுகளுக்கும் அப்படி ஒரு விதைநெல் வேண்டும். அதை மழைக்கு முன்பே கட்டி, வேறொரு கூரையின் கீழ் வைத்துவிடுவோம்.