மோட்டு மொழியில் ‘என் அப்பா’

பாப்புவா நியூ கினியின் தலைநகர் போர்ட் மோர்ஸ்பி. அதன் கடலோரத்தில், தண்ணீருக்குள் கால் நட்டு நிற்கும் வீடுகளோடு இருக்கிறது ஹனுவாபடா. ஹனுவா என்றால் ஊர், படா என்றால் பெரிய. பெரியூர் என்று வைத்துக்கொள்வோம். அங்கே பேசப்படும் மோட்டு மொழியில் சில சொற்களை, டீ ஆறுவதற்குள் பார்த்துவிடலாம்.

ரானு தண்ணீர். ரூமா வீடு. மத்தா கண். ருவா இரண்டு. நன்றிக்குத் தானிகியு, அது எந்த மொழியிலிருந்து வந்தது என்று சொல்லவே வேண்டாம். மலேசியாவில் உறவினர் உள்ளவர்களுக்கு ரூமாவும் மத்தாவும் கேட்ட சொற்களாக இருக்கும். மலாயிலும் வீடு ரூமாதான், கண் மத்தாதான். இரண்டும் ஆஸ்திரோனேசியக் குடும்பத்து மொழிகள். அதே ஊர்களில் மோட்டுக்காரர்களோடு கலந்து வாழும் கொயிட்டா மக்களின் மொழிக்கு இந்தக் குடும்பத்தோடு ஒட்டுமில்லை உறவுமில்லை.

எண்களில் ஒரு வேடிக்கை உண்டு. இமா என்றால் கை, ஐந்தும் இமாதான். மூன்று தோய், நான்கு ஹானி. ஆறு என்ன? தவ்ராதோய், அதாவது இரண்டு மூன்று. எட்டு தவ்ராஹானி, இரண்டு நான்கு. நடுவில் ஏழு மட்டும் ஹித்து என்று தனியாக நிற்கிறது. ஒன்பதுக்கு எட்டோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

இனி ‘என்’ என்ற சொல்லுக்கு வருவோம். ஆங்கிலத்திலும் இன்றைய தமிழிலும் என் கண், என் வீடு, என் மீன் எல்லாவற்றுக்கும் ஒரே ‘என்’ போதும். மோட்டுவில் போதாது. உடம்பின் உறுப்புகளும் நெருங்கிய உறவுகளும் நம்மைவிட்டுப் பிரியாதவை. ஆகவே ‘என்’ அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொள்கிறது: மத்தாகு என் கண், மத்தாமு உன் கண், மத்தானா அவர் கண். அப்பாவும் அப்படியே: தமாகு, தமாமு, தமானா. வீடு போன்றவற்றுக்கு முன்னால் ‘லவ்எகு’ என்று தனிச் சொல் வரும். தின்பதற்கென்று உள்ளவற்றுக்கு ‘லவ்அகு’. பொரோமா என்றால் பன்றி. லவ்எகு பொரோமா நான் வளர்க்கும் பன்றி, லவ்அகு பொரோமா நான் தின்னப்போகும் பன்றி. ஓர் உயிரெழுத்தில் பன்றியின் தலைவிதி மாறிவிடுகிறது.

ஒட்டிக்கொள்ளும் ‘என்’ நமக்குப் புதிதல்ல. பழந்தமிழில் எந்தை என் அப்பா, நுந்தை உன் அப்பா, தந்தை அவர் அப்பா. இன்று ‘என் தந்தை’ என்று கூசாமல் சொல்கிறோம். உள்ளே ஒளிந்திருக்கும் ‘தன்’ நம் காதில் விழுவதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்வோம், சற்று நேரத்தில் தேவைப்படும்.

ஏனென்றால் மோட்டு என்ற பெயரில் இரண்டு மொழிகள் உண்டு. இரண்டாவதன் பெயர் ஹிரி மோட்டு. இங்கேதான் எல்லாரும் வழுக்கி விழுகிறார்கள். ஹிரி என்பது மோட்டுக்காரர்களின் பழைய வணிகப் பயணம். மழை குறைந்த அவர்களுடைய மண்ணில் சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு. பெண்கள் வனைந்த உரோ என்னும் மண்பானைகளை, பல மரங்களைக் குடைந்து சேர்த்துக் கட்டிய லகதோய் கப்பலில் ஏற்றி, தென்கிழக்குக் காற்றில் மேற்கே பாப்புவா வளைகுடாவுக்குப் போவார்கள். சவ்வரிசி மாவையும் குடைவதற்கேற்ற பெரிய மரங்களையும் வாங்கிக்கொண்டு, வடமேற்குக் காற்று பிடித்ததும் திரும்புவார்கள். அப்படியானால் ஹிரி மோட்டு அந்த வணிகத்தில் பேசிய மொழிதானே?

இல்லை. டாம் டட்டன் என்ற மொழியியலாளர் தேடிப் பார்த்தபோது, வளைகுடாவில் மோட்டுக்காரர்கள் பேசியவை வேறு கலப்பு மொழிகள் என்று தெரிந்தது. அங்குள்ள மக்களின் சொற்களே அவற்றுக்கு அடிப்படை. ஹிரி மோட்டு பிறந்தது போர்ட் மோர்ஸ்பியைச் சுற்றி, வெளியாரோடு பேசப் பயன்பட்ட எளிய மோட்டுவிலிருந்து. அதை ஊர் ஊராகக் கொண்டுபோனது போலீஸ். 1890-இல் உருவான காவல்படையில் பல தாய்மொழிக்காரர்கள் இருந்தார்கள். அவர்களுக்குப் பொதுப்பேச்சு வேண்டியிருந்தது. 1970-களின் தொடக்கம்வரை அதன் பெயரே போலீஸ் மோட்டு. லத்தி வாசனை வேண்டாம் என்று பெயரை மாற்றினார்கள். மாற்றிய பெயர் வரலாற்றையும் மாற்றிக் காட்டிவிட்டது. பெயர் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய பெயரில்தான் உண்மை இருந்தது என்பது என் எண்ணம்.

பல வாய்களில் புழங்கியதில் இலக்கணம் தேய்ந்தது. தமாகு, தமாமு என்று மாற்றிப் பேச யாருக்குப் பொறுமை? ‘அவர் அப்பா’ என்று பொருள்பட்ட தமானாவே எல்லாருக்கும் அப்பா ஆனது. என் அப்பா என்பதற்கு ஹிரி மோட்டுவில் லவ்எகு தமானா. நம் ‘என் தந்தை’ நடந்துவந்த அதே வழி. இதைக் கொச்சை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 1975 அரசியலமைப்பின்படி குடியுரிமை கேட்டு வரும் வெளிநாட்டவர் பிசின் என்ற இன்னொரு பொதுமொழி, ஹிரி மோட்டு, அல்லது ஓர் உள்ளூர் மொழி பேசத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

ஆகவே மோட்டுச் சொற்பட்டியல் ஏதாவது கைக்கு வந்தால், முதலில் ‘என் அப்பா’வைத் தேடிப் பாருங்கள். தமாகு என்றிருந்தால் அது ஹனுவாபடா வீடுகளில் பேசும் மொழி. லவ்எகு தமானா என்றிருந்தால் போலீஸ்காரர்கள் பரப்பியது.